பௌதிகம் படித்தால் பசி தீருமா?



வில்லியனூர்ப் பக்கம் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும், பாகூர்ப் பக்கம் படிப்பகத்துக்குப் போனாலும், மேடையை விட்டு இறங்கியதும் நம்மைச் சூழ்ந்துகொள்கிற தோழர்கள் அரசியல் கேட்பார்கள் என்றுதான் எதிர்பார்க்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் பருவத்தில் மட்டும் அரசியல் பின்னால் போய்விடுகிறது. பிள்ளை முன்னால் வந்துவிடுகிறான்.

“அண்ணே, பையன் பிளஸ் டூ தேறிட்டான். கணக்கிலும் பிசிக்ஸிலும் நல்ல மார்க். இன்ஜினீயரிங் காலேஜுக்குக் கட்ட நம்மகிட்ட ஏது பணம்? தாகூர் காலேஜில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கிடைக்கும்னு சொல்றாங்க. சேர்த்தா எவ்வளவு ஆகும்? படிச்சு முடிச்சா என்ன வேலை?”

கொத்து வேலை செய்கிற தோழர் கேட்கிறார். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக நிற்கிற தோழர் கேட்கிறார். பாகூர் ஏரிப் பாசனத்தில் குத்தகை நிலம் உழுகிற தோழர் கேட்கிறார். பௌதிகம் என்று நம் தந்தையர் காலத்துப் பாடநூல் சொல்லிற்று. இயற்பியல் என்று இக்காலப் பாடநூல் சொல்கிறது. பிள்ளைகள் பிசிக்ஸ் என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அது சோறு போடுமா?

கேட்க வேண்டிய கேள்விதான். இதைக் கேட்பதே அற்பத்தனம் என்று முகம் சுளிக்கிற கனவான்களும் இருக்கிறார்கள். அறிவுக்காகப் படிக்க வேண்டுமாம், ஆதாயத்துக்காகப் படிக்கக் கூடாதாம்! அப்படி உபதேசிக்கிறவர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே அரிசி மூட்டை அடுக்கியிருக்கும். அடுத்த வேளைச் சோற்றுக்கு இன்று வேலைக்குப் போயாக வேண்டும் என்ற வீட்டில், மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று ஒரு பிள்ளையைப் படிக்க விடுவது சிறிய காரியமல்ல. ஆகவே கணக்குப் பார்ப்போம். கூசாமல் பார்ப்போம்.

அந்த நாளில் இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. பெரியவர்கள் ரோடியர் மில் என்று சொல்வார்களே, அந்த ஏ.எப்.டி. ஆலையில் அப்பனுக்கு வேலை, பிறகு மகனுக்கும் வேலை என்று தலைமுறை தலைமுறையாகப் போனார்கள். 1936 ஜூலை 30-ம் நாள் சவானா ஆலையில் பன்னிரண்டு தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகி வாங்கித் தந்த எட்டு மணி நேர வேலை உரிமை அந்த ஆலைகளில்தான் உயிர் வாழ்ந்தது. அந்த ஏ.எப்.டி.யும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஆலை போன பிறகு, ஆலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை கல்லூரிப் படிக்கட்டில் நிற்கிறான்.

சரி, செலவு.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகத்துக்குச் சம்பளம் என்று கட்டுவது, ஒரு நல்ல செல்போன் வாங்கும் பணத்துக்குள் அடங்கிவிடும். இலாசுப்பேட்டையில் 1961-ல் தொடங்கப்பட்ட தாகூர் கல்லூரியும், நகரத்தில் பெண்களுக்கான பாரதிதாசன் அரசினர் கல்லூரியும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே நிற்கின்றன. வில்லியனூரிலிருந்து போகிற பிள்ளை புதுவைப் பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பாகூர்ப் பிள்ளைக்குத் தூரம் இரட்டிப்பு, காலையில் சோறு வேகும் முன்பே கிளம்பியாக வேண்டும். பேருந்துக் கட்டணம், ரெகார்டு நோட்டு, கால்குலேட்டர், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு தொழிலாளி குடும்பம் தாங்கக்கூடியதுதான். தாழ்த்தப்பட்ட மாணவருக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பள்ளிக்குப் பிந்திய உதவித்தொகை வேறு இருக்கிறது.

ஆனால் தோழர்களே, கல்லூரிக்குக் கட்டுகிற பணம் மட்டுமல்ல செலவு. பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதற்கு இரசீது கிடையாது. பிள்ளை சம்பாதிக்காமல் இருக்கிறானே, அதுதான் அந்தச் செலவு.

பதினெட்டு வயதில் தொழிற்பேட்டைக்குப் போனால் மாதம் 12,000 ரூபாய் வாங்குவான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000. மூன்றாண்டுக்கு 4,32,000. எம்.எஸ்ஸி.யும் சேர்த்து ஐந்தாண்டு என்றால் 7,20,000. இந்தத் தொகையை எந்த வங்கியும் கடனாகத் தரவில்லை, எந்த அரசாங்கமும் மானியமாகத் தரவில்லை. அம்மா கூலி வேலைக்குப் போய்த் தருகிறாள். தங்கை படிப்பை நிறுத்திவிட்டுத் தருகிறாள். அப்பன் மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்காமல் தள்ளிப் போட்டுத் தருகிறான். பௌதிகப் பட்டத்தின் உண்மையான விலை அதுதான். இந்த இலட்சணத்தில் புதிய கல்விக் கொள்கையின் பேரால் நான்காம் ஆண்டு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்றாண்டோடு நின்றுவிடலாம், நான்காண்டு படித்தால் ‘ஆனர்ஸ்’ என்று ஆசை காட்டுகிறார்கள். டில்லியில் உட்கார்ந்து ஓராண்டைக் கூட்டுகிறவருக்கு அது தாளில் ஒரு வரி. வில்லியனூர் வீட்டுக்கு அது 1,44,000 ரூபாய்!

இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற பட்டம் என்ன தரும்?

பி.எஸ்ஸி.யோடு நிறுத்திக்கொண்டு, அதுவும் இரண்டு பேப்பர் அரியர் வைத்துத் தட்டுத் தடுமாறி வெளியே வருகிற பிள்ளைக்கு, உண்மையைச் சொன்னால், அதிகமாக எதுவும் தராது. எழுத்தர் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும் என்கிறார்கள்; அதற்குப் பௌதிகம்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. கடைசியில் அவன் போய் நிற்பது அதே தொழிற்பேட்டை வாயிலில்தான். உள்ளே அவனோடு பத்தாவது படித்துவிட்டு ஐ.டி.ஐ. போன பையன் நாலைந்து வருட அனுபவத்தோடு நின்று, “வாடா, மிஷினைத் துடைக்கக் கத்துக்கோ” என்பான். இதை மறைத்துப் பேசினால் நாம் தோழர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம்.

அப்படியானால் ஐ.டி.ஐ.யே போதும், பௌதிகமெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிடலாமா? இப்படிச் சொல்கிற குரல் நமக்குப் புதிதல்ல. 1953-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார்: அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று அதற்கு நாடே பெயர் வைத்தது, எதிர்ப்புக் கிளம்பிற்று, 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். அப்போது நம் வில்லியனூரிலும் பாகூரிலும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் அது இறங்கிற்று. ஆகவே அந்தத் திட்டம் நம் கொம்யூன்களுக்குள் நுழையவில்லை. திட்டம்தான் நுழையவில்லை, எண்ணம் எல்லைச் சாவடியில் நின்றுவிடுமா?

ஐ.டி.ஐ.யை நாம் குறைத்துப் பேசவில்லை. கைத்தொழில் இழிவென்று சொன்னது வருணாசிரமம், நாமல்ல. விரைவில் சம்பளம் வேண்டும் என்ற வீட்டுக்கு, கை வேலையில் விருப்பமுள்ள பிள்ளைக்கு, அது நல்ல வழி. ஆனால் எந்தப் பிள்ளை எங்கே போவது என்பதை அவனுடைய கணக்கு நோட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமே தவிர, அவன் அப்பனுடைய கையில் இருக்கிற கரண்டியையும் களைக்கொட்டையும் பார்த்தல்ல.

மேலே படிக்கிறவனுக்குப் பௌதிகம் திறந்து காட்டுகிற கதவுகள் பல. அவற்றில் நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்திருந்தும் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்வோம்.

ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம் கொம்யூன்களில் உண்டா? அங்கே புற்று நோய்க்குக் கதிர்வீச்சு வைத்தியம் செய்கிறார்கள். படுக்கையில் கிடக்கிற தாய்க்கு எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்று கணக்குப் போடுவது யார்? வைத்தியம் டாக்டருடையது, கணக்கு இன்னொருவருடையது. அவருக்கு மருத்துவ இயற்பியலாளர் என்று பெயர். கொஞ்சம் கூடினால் நல்ல சதை வெந்துபோகும். கொஞ்சம் குறைந்தால் நோய் மிஞ்சிவிடும். இப்படிப்பட்டவர் ஒருவர் இல்லாமல் அந்த இயந்திரத்தை இயக்கக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதியே இருக்கிறது. அந்த மனிதர் தொடங்கிய இடம் பி.எஸ்ஸி. பௌதிகம். சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. வில்லியனூரில் எத்தனை வீட்டுக்கு இது தெரியும்?

2011 டிசம்பர் 30-ம் நாள் ‘தானே’ வந்து பாகூர் வட்டாரத்து வாழையையும் கரும்பையும் சாய்த்துவிட்டுப் போயிற்று. 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ வந்தது. ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. புயல் எங்கே கரை கடக்கும் என்று ராடாரைப் பார்த்துச் சொல்கிற வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலைக்கு 2022-ல் பணியாளர் தேர்வாணையம் ஆள் கேட்டபோது, பௌதிகம் ஒரு பாடமாகப் படித்த பட்டதாரி போட்டியிடலாம் என்றுதான் அறிவித்தது. ஆகாய விமானங்களுக்கு வழி சொல்கிற கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு, பொறியியல் படித்தவரோடு கணிதமும் பௌதிகமும் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரியும் சரிசமமாகப் போட்டியிடலாம். புதுவையிலிருந்து சென்னைக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் என்று பலகை பார்க்கிறோமே, அந்த அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு விஞ்ஞானிகளைத் தயார் செய்கிற பயிற்சிப் பள்ளியை பாபா அணு ஆராய்ச்சி மையம் 1957 முதல் நடத்தி வருகிறது. எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவனைத் தேர்வு வைத்து எடுத்து, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள். இயற்பியலில் ‘நெட்’ தேர்வெழுதி இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறினால், படிப்பதற்கே மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. ஆண்டுக்கு 4,44,000. மேலே நாம் போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பி.எஸ்ஸி. படித்த மூன்றாண்டில் இழந்த கூலி 4,32,000. மூன்றாண்டு இழப்பு, ஓராண்டில் திரும்பி வந்துவிடுகிறது! இங்கே கைதட்ட வேண்டாம். எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில், தேறுகிறவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலரில் ஒருவன் ஏன் பாகூர்க்காரனாக இருக்கக் கூடாது?

வாத்தியார் வேலையைச் சொல்லாமல் விட்டால் அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள். பி.எஸ்ஸி. முடித்து பி.எட். படிக்கலாம். 2015 முதல் பி.எட். இரண்டாண்டு ஆகிவிட்டது, ஆக ஐந்தாண்டு. மேல்நிலை வகுப்புக்குப் பாடம் சொல்ல எம்.எஸ்ஸி.யும் வேண்டும், ஏழாண்டு. பிறகு அரசுப் பணியிடம் நிரப்பப்படும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை தனியார் பள்ளிக்கூடம் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வேடிக்கையும் உண்டு. ‘நீட்’ தேர்வை நாம் எதிர்க்கிறோம். ஏழைப் பிள்ளையின் டாக்டர் கனவில் மண் போட்ட தேர்வு அது. அந்தத் தேர்வில் 720 மதிப்பெண்ணுக்கு 180 பௌதிகத்துக்கு. பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமும் அதுதான். அதனாலேயே கோச்சிங் கடைக்காரர்கள் நல்ல பௌதிக வாத்தியாரைத் தேடி அலைகிறார்கள். தீமையிலும் நாலு பேருக்குப் பிழைப்பு!

ஆக, கதவுகள் இருக்கின்றன. யாருக்குத் தெரிகிறது என்பதுதான் சங்கதி.

அப்துல் கலாமை எல்லோருக்கும் தெரியும். அவர் பட்டம் வாங்கியது எதில் என்று கேட்டால் பாதிப் பேர் ராக்கெட் என்பார்கள்! திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் அவர் வாங்கியது பி.எஸ்ஸி. பௌதிகம். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன். பி.எஸ்ஸி. சேர்ந்தபோது வேறு படிப்புகள் இருப்பதோ, விஞ்ஞானம் படித்தவனுக்கு என்னென்ன வேலை உண்டு என்பதோ தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும், பட்டம் வாங்கிய பிறகே தாம் போக வேண்டிய வழி பொறியியல் என்று உணர்ந்ததாகவும் ‘அக்கினிச் சிறகுகள்’ என்ற தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர ஆயிரம் ரூபாய் போல வேண்டும், தகப்பனாரிடம் இல்லை. தமக்கை ஜோஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நாட்டின் குடியரசுத் தலைவராகப் போகிறவரின் படிப்பு, ஒரு பெண்ணின் கை வளையலில் தொங்கிக்கொண்டிருந்தது! வளையலைக் கழற்றியவள் அக்காள், படித்தது தம்பி. நம் ஊரிலும் நெடுங்காலமாக வழக்கம் இதுதான். அக்காளையும் படிக்க வையுங்கள் தோழர்களே. பாரதிதாசன் கல்லூரியில் பௌதிகத்துக்கு அவளுக்கும் இடமிருக்கிறது.

இனி மறுபக்கம். சர் சி.வி. ராமன் 1907-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தில் எம்.ஏ. வாங்கினார். அவ்வளவு பெரிய மேதை முதலில் என்ன செய்தார்? பௌதிகத்தில் பிழைக்க வழியில்லை என்று நிதித் துறைத் தேர்வெழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் போய் உட்கார்ந்தார்! பகலில் சர்க்கார் கணக்கு. காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி. பத்தாண்டு கழித்து 1917-ல்தான் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் வேலையை ஏற்றார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் அதே மாநிலக் கல்லூரியில் படித்து, சர்க்கார் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய், 1983-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர்கள் திறமையை நாம் மறுக்கவில்லை, மலையை மறுப்பானேன்? ஆனால் ராமனுடைய தகப்பனார் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் புத்தகம் இருந்தது. எந்தத் தேர்வு எப்போது என்று சொல்ல ஆள் இருந்தது. முதலில் சோற்றுக்கு ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு பிறகு ஆராய்ச்சிக்குப் போகலாம் என்ற சாமர்த்தியமும் இருந்தது. நம் பிள்ளைக்கு மூளை இருக்கிறது; புத்தகமும் சேதியும் இல்லை. அந்தக் குறையை வீடு தீர்க்க முடியாது. இயக்கமும் அரசாங்கமும்தான் தீர்க்க வேண்டும்.

அரசாங்கம் என்றதும் பாகூர்த் தோழர்களுக்கு அவர்கள் ஊர்ச் சரித்திரத்தையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் ஆட்சி. அந்நாளில் வாகூர் என்று பெயர் பெற்ற பாகூரில் ஒரு கல்லூரி இருந்தது. வித்தியாஸ்தானம் என்கிறது செப்பேடு. அந்தக் கல்லூரிக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதி வைத்தார்கள். ஒன்றல்ல, மூன்று ஊர்! அங்கே ஓதியவர்கள் கட்டணம் கட்டவில்லை, உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கவில்லை. நெல் விளைந்தது, கல்வி நடந்தது. விளைத்தவன் யார்? உழுதவன். ஓதப்பட்டது என்ன? வேதமும் அதன் அங்கங்களும். உழுதவன் மகன் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உயர் கல்வியை ஊர்ப் பணத்தில் நடத்துவது மரபுக்கு விரோதம் என்று எவராவது இன்று சொன்னால், அந்தச் செப்பேட்டை எடுத்துக் காட்டுங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாகூரில் ஊர்ப் பணத்தில் கல்லூரி நடந்திருக்கிறது. இப்போது நாம் கேட்பது, அந்தப் பணத்தில் விளைத்தவன் பிள்ளையும் படிக்கட்டும் என்பது மட்டும்தான்.

என்ன கேட்கிறோம்? கொம்யூன்களில் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பௌதிக விரிவுரையாளர் இடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஆய்வுக்கூடப் பீரோவின் சாவி தலைமையாசிரியர் மேசையில் அல்ல, பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக் கழகத்தில் சில பாடங்களில் மட்டும் புதுவைப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கினார்கள். எல்லாப் பாடங்களுக்கும் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. நம் மண்ணில் நிற்கிற பல்கலைக் கழகத்தில் நாம் கேட்பது நாலில் ஒரு பங்கு. எம்.எஸ்ஸி. படிக்க ஐ.ஐ.டி.க்குள் போகிற ‘ஜாம்’ தேர்வுக்குத் தாகூர் கல்லூரியிலேயே மாலை வகுப்பு நடத்தலாம். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, ஒரு வாத்தியாரும் ஒரு விளக்கும் போதும்.

அரசாங்கம் செய்கிற வரையில் வீட்டில் முடிவு எடுத்துத்தானே ஆக வேண்டும்? அதற்குப் பழைய சேதி ஒன்று உதவும். ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் 1825-ல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்று ஒரு நூல் வெளியிட்டார். அதில் புதுவையில் வசித்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தாள் இல்லை, பேனா இல்லை! கேட்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரன் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஏன் அப்படிச் செய்தால் விடை வருகிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. சோழி தெரியும், சூரியனும் சந்திரனும் தெரியாது!

இன்று பி.எஸ்ஸி. பௌதிகத்தில் சேருகிற பிள்ளைகளில் பலர் இதே சோழிக் கணக்குத்தான் போடுகிறார்கள். கைடு வாங்குகிறார்கள், ஐந்து வருடக் கேள்வித்தாளைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள், ரெகார்டு நோட்டைச் சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதுகிறார்கள். பட்டம் கிடைக்கிறது. மேலே சொன்ன கதவுகள் ஒன்றும் திறப்பதில்லை. ஏனென்றால் ‘ஜாம்’ ஆகட்டும், ‘நெட்’ ஆகட்டும், அங்கே கேட்கப்படுவது ‘ஏன்’ என்ற கேள்வி. கல்பாக்கம் வேலைக்கு 60 விழுக்காடு மதிப்பெண் இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே எடுக்க மாட்டார்கள்.

ஆகவே கேட்கிற தோழருக்கு நாம் சொல்லும் யோசனை இது. பையனைக் கூப்பிட்டு, கைடை எடுத்து வைத்துவிட்டு, பிளஸ் டூ பௌதிகப் புத்தகத்தின் பாட முடிவிலுள்ள கணக்குகளில் பத்தைத் தானாகப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. அவன் எரிச்சலோடு எழுந்து போகிறானா, சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் சேர்த்துவிடுங்கள், மூன்றாண்டுக்கு அல்ல, ஐந்தாண்டுக்கு என்று வீட்டில் பேசி வைத்துக்கொண்டு சேருங்கள். எழுந்து போனால், இன்ஜினீயரிங் கிடைக்கவில்லையே என்ற குறைக்காக அவனைப் பௌதிகத்தில் தள்ளாதீர்கள். வேறு பட்டமோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ அவனுக்குச் சீக்கிரம் சோறு போடும். ஐந்தாண்டு தாங்காது, ஆனால் பிள்ளை கெட்டிக்காரன் என்றால், ‘இன்ஸ்பயர்’ என்ற மத்திய உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். பிளஸ் டூவில் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய், எம்.எஸ்ஸி. முடிகிற வரை. நாம் கணக்கிட்ட கூலி இழப்பில் பாதிக்கு மேல் அதுவே ஈடு செய்துவிடும்.

படிப்பகத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தலைவர்கள் படம் மாட்டிய சுவரில் ஒரு கரும்பலகைக்கு இடம் விடுங்கள். அதில் எழுதுங்கள்: ‘ஜாம்’ தேர்வுக்கு விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர், தேர்வு பிப்ரவரி. ‘நெட்’ ஆண்டுக்கு இரண்டு முறை. பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டு விஞ்ஞானப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்கிற ஐசர், நைசர் கல்வி நிலையங்களுக்குத் தனித் தனி நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் பிளஸ் டூ பரீட்சைக் காலத்திலேயே வந்துவிடும், முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் தேதி போய்விடும். விண்ணப்பம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். நிரப்பத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பகத்தில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ் மூன்றையும் தாலுக்கா அலுவலகத்தில் ஏப்ரல் மாதமே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே நிற்க இடமிருக்காது.